புல்வெட்டி எஞ்சினில் சார்ஜ் ஏறாத காரணத்தைத் தேடியது

கோத்தகிரிக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய காய்கறிப் பாத்திகளுக்கு ஓடையிலிருந்து தண்ணீர் ஏற்ற, எஸ்டேட் பங்களா ஒன்றில் கழித்துவிட்ட பழைய புல்வெட்டும் வண்டியின் ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினை வாங்கி, இரும்புச் சட்டத்தில் பொருத்தி வைத்திருக்கிறேன். செல்ஃப் ஸ்டார்ட்டுக்கான 12 வோல்ட் பேட்டரியிலேயே பம்புக் கொட்டகையின் இரண்டு எல்.இ.டி. விளக்குகளும் எரிகின்றன. தை மாதக் குளிர் இறங்கியதும், இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை செல்ஃப் 'டக்' என்ற ஒலியோடு நின்றுவிடத் தொடங்கியது. குளிரில் பேட்டரியின் திறன் குறையும் என்பதால் முதலில் அதையே சந்தேகித்தேன்.

உதிரிபாகக் கடையில் விசாரித்தபோது, காயில் போயிருக்கும், மாற்றிவிடுங்கள் என்றார்கள். இவ்வகை எஞ்சினில் ஃபிளைவீலின் உட்புறத்தில் காந்தங்களும், அதனடியில் அசையாமல் இருந்து மின்சாரம் உண்டாக்கும் காயிலும் உள்ளன. காயிலைத் தொட வேண்டுமானால் ஃபிளைவீலைப் புல்லர் வைத்துக் கழற்றியாக வேண்டும். சுத்தியலால் தட்டிக் கழற்றினால் காந்தங்கள் பெயர்ந்துவிடும் அபாயம் உண்டு. ஆகவே, அளந்து பார்க்காமல் எதையும் மாற்றுவதில்லை என்று முடிவு செய்தேன்.

பேட்டரியை வெளிச் சார்ஜரில் இரவு முழுவதும் ஏற்றி, சில மணி நேரம் ஓய்வாக விட்டு அளந்தபோது 12.7 வோல்ட் இருந்தது. செல்ஃப் சுற்றும்போது அது 10.4-க்குக் கீழே இறங்கவில்லை. பேட்டரி நல்ல நிலையில்தான் இருக்கிறது. ஆனால் எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போதும் பேட்டரி முனைகளில் 12.4 வோல்ட்டுக்கு மேல் ஏறவில்லை. சார்ஜ் சரியாக ஏறினால் அங்கே ஏறக்குறைய 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும்.

அடுத்து, எஞ்சினை நிறுத்தி, காயிலிலிருந்து ரெகுலேட்டருக்கு (காயிலின் ஏ.சி. மின்சாரத்தை டி.சி.யாக மாற்றி, பேட்டரிக்கு அளவோடு அனுப்பும் பாகம்) செல்லும் இரண்டு மஞ்சள் ஒயர்களையும் கழற்றி, மல்டிமீட்டரை ஏ.சி. அளவுக்குத் திருப்பி வைத்தேன். பக்கத்துத் தோட்டத்து அண்ணன், எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலைப் பிடித்துக்கொண்டார். மெதுவாக ஓடும்போது 12 வோல்ட், முழு வேகத்தில் 29 வோல்ட் வந்தது. "காயில் போயிருந்தா இவ்வளவு வோல்ட் எப்படித் தம்பி வரும்?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. எஞ்சினை நிறுத்தி, மஞ்சள் ஒயர்களுக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்றும் பார்த்தேன், இல்லை. இரு ஒயர்களுக்கும் இடையே மீட்டர் 0.4 ஓம் காட்டியது. மீட்டரின் இரு முள்களையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தாலே 0.3 காட்டியதால், காயிலின் உண்மையான அளவு 0.1 அளவில்தான் இருக்கும். இவ்வளவு குறைந்த ஓமை மட்டும் நம்பி எந்த முடிவுக்கும் வரக் கூடாது; ஓடும்போது வரும் வோல்ட்டே நம்பத்தக்க சாட்சி.

மிஞ்சியது ரெகுலேட்டர். அதை வாங்கி வருவதற்கு முன் ஒரே ஒரு சோதனை செய்தேன். மொத்த வேலையிலும் எனக்கு மிகவும் பயன்பட்டது அதுதான். ஒயர்களை மீண்டும் பொருத்தி எஞ்சினை ஓட்டி, மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றொன்றை ரெகுலேட்டரின் அலுமினிய உடலிலும் வைத்தேன். இரண்டும் எர்த்தாக, அதாவது பேட்டரி நெகட்டிவோடு நேராக இணைந்ததாக, இருக்க வேண்டிய இடங்கள் என்பதால் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டியதோ 1.9 வோல்ட்.

இந்த எண்ணை நான் வெகுநேரம் யோசித்தேன். இவ்வகை ரெகுலேட்டருக்குத் தனி எர்த் ஒயர் கிடையாது; அதன் உடலே எர்த். தன் சிவப்பு ஒயருக்கும் தன் உடலுக்கும் இடையே உள்ள வோல்ட்டையே அது பேட்டரியின் வோல்ட் என்று எடுத்துக்கொள்கிறது. பேட்டரியில் உண்மையில் இருப்பது 12.4, எர்த் பாதையில் வீணாவது 1.9, இரண்டும் சேர்ந்த 14.3-ஐப் பார்த்து, பேட்டரி நிறைந்துவிட்டது என்று கருதி ரெகுலேட்டர் சார்ஜை அடக்கிவிடுகிறது. பாகம் எதுவும் பழுதாகாமலேயே சார்ஜ் ஏறாமல் போவது இப்படித்தான்.

ரெகுலேட்டரைக் கழற்றியபோது காரணம் கண்ணில் பட்டது. துருவுக்குப் பயந்து, சென்ற கோடையில் எஞ்சின் மூடிக்கு நான் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தேன். ரெகுலேட்டர் உட்காரும் இடத்தையும் விட்டுவைக்கவில்லை. போல்ட் ஒன்றின் மரைகளில் மட்டும் பெயின்ட் உரிந்து, அந்த வழியாகவே இத்தனை நாள் எர்த் கிடைத்திருக்கிறது. மூடுபனியின் ஈரத்தில் அந்த மரைகளிலும் துரு ஏறி, அலுமினியக் காதுகளின் அடியில் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. உப்புத்தாளால் இரு பக்கமும் உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து, பல்வாஷர் போட்டு முறுக்கி, ரெகுலேட்டர் போல்ட்டிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்குத் தனியாக ஓர் ஒயரும் இழுத்தேன். ஈரம் புகாதிருக்க மேலே மட்டும் வாசலைன் தடவினேன்.

இப்போது பேட்டரி நெகட்டிவுக்கும் ரெகுலேட்டர் உடலுக்கும் இடையே 0.05 வோல்ட், முழு வேகத்தில் பேட்டரி முனைகளில் 14.1. சோதனை செய்ய விரும்புவோர், எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய வழக்கத்தைத் தயவுசெய்து கைவிட வேண்டும். பேட்டரி இல்லாதபோது வோல்ட் தாறுமாறாக ஏறி ரெகுலேட்டரையும் விளக்குகளையும் எரித்துவிடக்கூடும்.

மூன்று வாரங்களாகக் காலை ஆறு மணிக்கு அளந்து எழுதி வருகிறேன், 12.6-க்குக் கீழே இதுவரை வரவில்லை. இரண்டு விளக்குகளும் எரிய, எஞ்சின் மெதுவாக ஓடும்போது 12.9 மட்டுமே கிடைக்கிறது. ஆகவே தண்ணீர் பாய்ச்சி முடித்த பின்னும் திராட்டிலைக் குறைக்காமல் பத்து நிமிடம் ஓடவிட்டே நிறுத்துகிறேன்.