ஏறுவது ஒரு பாடு, இறங்குவது பெரும்பாடு: ஆறாவது வாரம்

சிவனொளிபாதமலைக்குக் காலைப் பழக்க ஐந்து பேராகப் போன கோவிந்தஹெல சோதனை ஏற்றம் பாதி வெற்றி. ஏறினதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, இறங்கினதில்தான் மானம் போனது. ஐந்து பேரில் மூன்று பேருக்கு முழங்கால் சில்லைச் சுற்றிக் குத்து. ஒருவருக்குப் பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் குந்தியிருக்க ஒருவருக்கும் ஏலவில்லை. சியம்பலாண்டுவைப் பக்கத்து 558 மீற்றர் பாறைக்கே இந்தக் கதி. பெப்ரவரியில் போக இருக்கிற சிவனொளிபாதமலை 2,243 மீற்றர். ஆகவே எட்டு வாரத் திட்டத்தின் பின்பாதியைத் தலைகீழாக மாற்றியாயிற்று. மாற்றி இரண்டு வாரம் ஓடியதில் தெரிந்ததுதான் இந்தக் குறிப்பு.

முதல் நாலு வாரமும் மட்டக்களப்புக் கல்லடிக் கடற்கரை மணலில் ஓட்டம், பாலத்தில் வேகநடை, மிச்சத்துக்குச் சைக்கிள். மூச்சுக்கு இதெல்லாம் நல்லது. இறக்கத்துக்குச் சல்லிக்காசுக்கு உதவாது. ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பாரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும், வண்டிக்குப் பிரேக் மாதிரி. இந்த இரண்டாவது வேலை தட்டைத் தரையில் நடக்கிறவன் காலுக்குப் பழக்கமே இல்லை. மட்டக்களப்பில் பள்ளம் என்றால் மழைக்கு ரோட்டில் விழுகிற பள்ளம்தான்.

கணக்கைப் பாருங்கள். சிவனொளிபாதமலையின் நல்லதண்ணிப் பாதையில் சுமார் 5,500 படி. சராசரி 18 சென்ரிமீற்றர் என்று வைத்தால் 990 மீற்றர். நல்லதண்ணிக்கும் உச்சிக்கும் உள்ள உயர வித்தியாசமும் ஏறத்தாழ ஆயிரம் மீற்றர்தான். ஒரு சாதாரண வீட்டு மாடிப்படி 16, ஒவ்வொன்றும் 17.5 சென்ரிமீற்றர் என்றால் மொத்தம் 2.8 மீற்றர். மலை முழுவதையும் வீட்டுக்குள் ஏறி இறங்க 357 தடவை வேண்டும். ஒரே நாளில் அதைச் செய்து பார்க்கத் தேவையில்லை. நாளுக்கு 40 தடவை, அதாவது 112 மீற்றர், வாரத்தில் மூன்று நாள் போதும். ஆனால் வெறுமனே ஏறி இறங்குவது அரை வேலைதான். மற்ற அரை வேலை அடுத்த பத்தியில்.

படியின் விளிம்பில் ஒற்றைக்காலில் நில்லுங்கள். மற்றக் காலின் குதி கீழ்ப்படியைத் தொடும்வரை மூன்று விநாடி எண்ணி உடம்பை இறக்குங்கள். குதி தொட்டதும் அதில் பாரம் போடாமல் மேலே வாருங்கள். காலுக்குப் பத்துத் தடவை, மூன்று சுற்று, சுற்றுக்கிடையில் ஒரு நிமிடம் ஓய்வு, வாரம் இரண்டு நாள். கேட்கச் சின்ன விஷயம்தான். ஏழாவது தடவையில் தொடை நடுங்கத் தொடங்கும்.

இதில் எல்லாரும் விடும் பிழை இரண்டு. ஒன்று, கடைசி ஐந்து சென்ரிமீற்றரில் தொப்பென்று விழுவது. பிரேக் வேலை நடப்பதே அந்த ஐந்து சென்ரிமீற்றரில்தான், விழுந்தால் அந்தத் தடவை கணக்கில் இல்லை. மற்றது, முழங்கால் உள்ளுக்குச் சாய்வது. செய்கிறவருக்கு அது தெரியாது. முன்னால் போனை வைத்து வீடியோ எடுத்துப் பார்த்தால் தெரியும்: முழங்கால் பெருவிரல் பக்கம் ஓடாமல் இரண்டாம் விரலுக்கு நேரே இருக்க வேண்டும். மூன்று பேரின் முழங்கால் குத்துக்கும் இந்தச் சாய்வுதான் காரணம் போலத் தெரிகிறது. நேராக்கிய பிறகு இருவருக்குக் குத்து நின்றுவிட்டது. 18 சென்ரிமீற்றரில் வலித்தால் விட்டுவிடாதீர்கள். நாலு அங்குலச் சீமெந்துக் கல்லைப் படுக்கப்போட்டு அதிலிருந்து தொடங்கலாம்.

தசை உளைவு 24 மணித்தியாலத்துக்குப் பிறகுதான் கூடும், மூன்று நாள் வரை இருக்கும். ஒரு தடவை உளைந்து ஆறின தசை அடுத்த சில வாரத்துக்கு அதே வேலைக்கு அவ்வளவு உளையாது. நமக்கு வேண்டியது அந்தச் சில வாரம்தான். கடைசிக் கடும்பயிற்சியைப் பயணத்துக்கு எட்டுப் பத்து நாள் முந்தி முடித்துவிட்டு, மறுகா நடை மட்டும்.

படிக்கு அடுத்தது குளக்கட்டு. இந்தப் பக்கம் நமக்கு வாய்த்த ஒரே சரிவு அதுதான். உன்னிச்சைக் கட்டின் வெளிப்பக்கத்தில், மாடு போய் வந்து வழி விழுந்த இடமாகப் பார்த்து இறங்குங்கள். உள்பக்கக் கல்லடுக்கில் வேண்டாம், கல் புரளும். அடி குட்டையாக, முழங்கால் சற்று மடிந்தபடி, நேரே இறங்காமல் குறுக்குமறுக்காக. வெயில் நன்றாக ஏறின பிறகு போய், பின்னேரம் நாலரைக்குள் திரும்பிவிட வேண்டும். அந்தப் பக்கத்தில் யானைக்கும் அதே கட்டுத்தான் பாதை.

நகம் கறுத்ததற்குச் சப்பாத்துச் சின்னது என்று எல்லாரும் சொன்னார்கள். அளவு சரிதான், கட்டினது பிழை. இறக்கத்தில் பாதம் முன்னுக்கு வழுக்கி ஒவ்வொரு படிக்கும் நகம் முட்டுகிறது. அதை நிறுத்தக் குதிப் பூட்டு போட வேண்டும். மேலே உள்ள கடைசி இரண்டு துளைக்கும் லேஸைக் குறுக்கே கொண்டுபோகாமல் அந்தந்தப் பக்கத்திலேயே கோர்த்தால் பக்கத்துக்கு ஒரு சிறு வளையம் கிடைக்கும். வலது நுனியை இடது வளையத்துக்குள்ளும், இடது நுனியை வலது வளையத்துக்குள்ளும் விட்டு, மேல்நோக்கி இழுக்காமல் குதிப்பக்கம் கீழ்நோக்கி இழுத்து இறுக்கி முடியுங்கள். சரிதானா என்று பார்க்க, சாய்த்து வைத்த பலகையில் கீழ்நோக்கி நின்று காலை உதையுங்கள். விரல் முட்டக்கூடாது. நகத்தை மூன்று நாள் முந்தி நேராக வெட்டிவிடுங்கள். சப்பாத்து வாங்கப் போவதானால் பின்னேரத்தில், பாதம் வீங்கியிருக்கும் நேரம் போங்கள். பஜாரில் ஒரு கடையில் 'மலைச் சப்பாத்து' என்று தந்ததன் அடி இரண்டாம் நாளே வாயைப் பிளந்தது. விலையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஊன்றுதடிக்கும் கடைக்கு அலைய வேண்டாம். திரைச்சீலை மாட்டும் அலுமினியக் குழாய் வளைந்துபோனது. நன்றாகக் காய்ந்த கொய்யாத் தடி வளையாமல் நிற்கிறது. அடியில் பாமசியில் விற்கும் ஊன்றுகோல் றப்பரை மாட்டினால் ஈரக் கல்லில் வழுக்கு குறையும். நீளம், முழங்கையைச் செங்கோணத்தில் மடித்தால் கை பிடிக்கும் உயரம். இறங்க ஐந்து முதல் பத்து சென்ரிமீற்றர் கூட வேண்டும். தடியைக் கீழ்ப்படியில் ஊன்றி, பாரத்தைக் கைக்குக் கொடுத்த பிறகுதான் கால் இறங்க வேண்டும். காலும் தடியும் ஒன்றாக இறங்கினால் தடி வெறும் அலங்காரம்.

குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆயிரம் மீற்றருக்கு ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறையும். இங்கே இரவு 24 என்றால் உச்சியில் பத்துக்குப் பக்கம், காற்று அடித்தால் அதிலும் மோசம். வியர்வையில் ஊறின பருத்தி ரீசேட்தான் நடுங்க வைக்கும். மாற்று உடுப்பைப் பொலித்தீனில் சுற்றிப் பையின் மேலேயே வையுங்கள். புதியவர்கள் பயத்தில் இரவு ஒன்பதுக்கே தொடங்கி இரண்டு மணிக்கு உச்சியில் நின்று, சூரியன் வரும் ஆறு, ஆறரை வரை பல்லைக் கிட்டித்துக்கொண்டு இருப்பார்கள். நாலு மணித்தியால நடை என்று கணக்குப் போட்டால் ஒன்றரைக்குத் தொடங்குவது அளவு. போயா (பௌர்ணமி) நாளிலும் சனி ஞாயிறிலும் கடைசிப் படிகளில் சனம் நெருக்கி வரிசை நகராது, வார நாளாகப் பாருங்கள்.

தண்ணீர் ஒன்றரை லீற்றர் போதும், பருவகாலத்தில் வழிநெடுகத் தேத்தண்ணிக் கடை. ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சர்க்கரைத் தூள்) பக்கற் இரண்டு, கச்சான், பேரீச்சம்பழம். பை நாலு கிலோவைத் தாண்டினால் எதையாவது வெளியே எடுங்கள்.

அடுத்து ஹோட்டன் சமவெளிப் பக்கம் 2,357 மீற்றர் தொட்டுப்பொல. உயரம் கூட என்றாலும் ரோட்டிலிருந்து சின்ன ஏற்றம்தான். கிரிகல்பொத்த 2,388, அது நீண்ட நடை, ஒரு வருடம் பொறுக்கட்டும். மறுபடி இரத்தினபுரிப் பக்கத்தால் சிவனொளிபாதம் ஏறவும் ஆசை. அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் இப்போதே யாரோ சேர்க்கிறார்கள்.

அதற்கு முதல் ஏழாவது வாரம் இருக்கிறது. மூன்றாமவரின் இடது முழங்கால் இன்னும் உள்ளுக்குச் சாய்கிறது. அவருக்கு மட்டும் சீமெந்துக் கல்லில் நாலு சுற்று. கொய்யாத் தடி இரண்டுக்கு றப்பர் அளவு சேரவில்லை, அடியைச் சீவ வேண்டும்.