வாக்குச் சீட்டும் விமானச் சீட்டும்

பிரான்சு அதிபர் தேர்தல் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் வாக்குச்சாவடிகள் திறக்கப்படுகின்றன. 1962இல் பிரெஞ்சிந்தியப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவிடம் வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவு செய்த தமிழ்க் குடும்பங்களின் வழியினர் அங்கே வாக்களிக்கிறார்கள். பாரிசைக் கண்ணால் பார்த்திராதவர்களும் அவர்களில் இருக்கக்கூடும். ஆயினும் அதிபரைத் தேர்ந்தெடுப்பதில் அவர்களுக்குப் பங்கு உண்டு, 2012 முதல் வெளிநாடுவாழ் பிரெஞ்சுக் குடிமக்களுக்கென ஒதுக்கப்பட்டுள்ள 11 தொகுதிகளுள் ஒன்றில் நாடாளுமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பதிலும் உண்டு. அதே காரைக்காலிலிருந்து வளைகுடாவுக்குப் போய், மாதந்தோறும் வீட்டுக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருக்கும் இந்தியக் குடிமகனோ விமானம் ஏறி ஊருக்கு வந்தாலன்றித் தன் வாக்கைச் செலுத்த முடியாது.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 2010இல் சேர்க்கப்பட்ட 20ஏ பிரிவின்படி, வேறு நாட்டுக் குடியுரிமை பெறாத வெளிநாடுவாழ் இந்தியர், கடவுச்சீட்டில் உள்ள முகவரிக்குரிய தொகுதியில் படிவம் 6ஏ வழியாகப் பெயர் சேர்க்கலாம். ஆனால் தேர்தல் நாளன்று அசல் கடவுச்சீட்டோடு அந்த வாக்குச்சாவடியிலேயே நேரில் நிற்க வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் இவ்வாறு பதிவு செய்திருந்தவர்கள் 1,19,374 பேர். வந்து வாக்களித்தவர்கள் 2,958 பேர், அவர்களிலும் 2,670 பேர் கேரளத்தவர்கள். உரிமையைக் கொடுத்துவிட்டு அதற்கு விமானக் கட்டணத்தை நுழைவுக் கட்டணமாக்கியிருக்கும் ஏற்பாடு இது.

நாட்டில் வாழாதவர், அங்கே வருமான வரி கட்டாதவர், அதன் அரசை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கேள்வியை நான் அலட்சியப்படுத்தவில்லை. அமெரிக்காவில் நிரந்தர வசிப்புரிமை பெற்று, திரும்பும் எண்ணமே இல்லாமல், வாட்ஸ்அப்பில் மட்டும் தமிழக அரசியல் பேசும் ஒருவரைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு என்றே எண்ணுகிறேன். வளைகுடாத் தொழிலாளியின் நிலை வேறு. எத்தனை ஆண்டுகள் உழைத்தாலும் அந்நாடுகளின் குடியுரிமை அவருக்குக் கிடைப்பது அரிது; வேலை போனால் விசாவும் போகும்; கடைசியில் அவர் திரும்பி வந்து வாழப்போவது தன் ஊரில்தான். அதைவிட முக்கியமாக, பத்தாம் வகுப்புத் தேறாத ஒருவர் வேலைக்காக அங்கே போகலாமா, அவரை அனுப்பும் ஏஜென்ட் எவ்வளவு பணம் வாங்கலாம் என்பதையெல்லாம் முடிவு செய்வது தில்லியில் இயற்றப்பட்ட 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம். நாட்டைவிட்டுப் போன பிறகும் நாட்டின் சட்டத்துக்குள்ளேயே இருப்பவருக்கு, அந்தச் சட்டத்தை இயற்றுபவர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எட்டாக் கனியாக இருக்கலாகாது.

வேறொருவரைத் தன் சார்பில் வாக்களிக்கச் செய்யும் பதிலாள் முறைக்கான மசோதா 2018இல் மக்களவையில் நிறைவேறி, அடுத்த ஆண்டு அவை கலைந்தபோது காலாவதியானது. அதில் எனக்கு வருத்தமில்லை. அந்தப் பதிலாள் பெரும்பாலும் குடும்பத்தின் மூத்தவராகவோ உள்ளூர்க் கட்சிக்காரராகவோதான் இருப்பார். மனைவி யாருக்கு வாக்களிக்க விரும்புகிறாள் என்பதைக் கணவனின் அண்ணனிடம் சொல்லியனுப்ப வேண்டியிருந்தால், இரகசிய வாக்கெடுப்பு என்பதற்கு என்ன பொருள்? அறைக்குப் பலர் தங்கும் தொழிலாளர் முகாமுக்கு அஞ்சல் வாக்குச் சீட்டை அனுப்பினாலும் இதே சிக்கல்தான், அங்கே மேற்பார்வையாளரின் கண் இருக்கும்.

ஆகவே தூதரகங்களிலும் துணைத் தூதரகங்களிலும் திரைமறைவில் நேரடியாக வாக்களிக்கும் முறையையே நான் ஆதரிக்கிறேன். பிலிப்பைன்ஸ் 2003இல் இதற்கெனச் சட்டம் இயற்றி, வளைகுடா நாடுகளிலுள்ள தன் தொழிலாளர்களுக்கும் தூதரகங்கள் வழியாக வாக்குரிமை அளித்தது. பிரான்சைப் போலத் தனித் தொகுதிகள் நமக்குப் பொருந்தா என்பது என் கருத்து. கீழக்கரைக்காரருக்குத் தன் ஊரின் பள்ளியும் குடிநீரும்தான் கவலையே தவிர, அபுதாபியிலிருப்பவர்களுக்கென ஓர் உறுப்பினர் அல்லர். 543 தொகுதிகளின் வேட்பாளர் பட்டியலை ஒவ்வொரு தூதரகத்துக்கும் எப்படிக் கொண்டுசேர்ப்பது என்று கேட்பவர்களுக்கு விடை ஏற்கெனவே இருக்கிறது: இராணுவத்தினருக்கு 2016 முதல் அவரவர் தொகுதியின் வாக்குச் சீட்டு மின்னணு வழியாகத்தான் அனுப்பப்பட்டு வருகிறது. அதைத் தூதரகத்தில் அச்சிட்டு, வாக்காளர் மறைவாகக் குறியிட்டதும் முத்திரையிட்ட உறையில் தொகுதியின் தேர்தல் அலுவலருக்கு அனுப்பிவைக்கலாம்.