தாத்தா வெட்டிய நிரை

மலேசியத் தோட்டப்புறக் குடும்பங்களில் பேரப்பிள்ளைகளிடம் தாத்தாவைப் பற்றிக் கேட்டால், "நல்ல உழைப்பாளி, ஊருக்கு ஒன்றென்றால் முன்னால் நிற்பார்" என்பார்கள். அதற்கு மேல் கேட்டால் பேச்சு நின்றுவிடும். விடியுமுன் தீம்பாருக்குள், அதாவது ரப்பர் மரக்காட்டுக்குள், போனவர் அங்கே என்ன செய்தார், எதற்காக முன்னால் நின்றார் என்பது பலருக்குத் தெரியாது. படத்துக்கு மாலை போடும் வீடுகளில் இதையும் பேச வேண்டும்.

அந்தத் தலைமுறையில் பலர் தமிழ்நாட்டிலிருந்து கங்காணி மூலம் வந்தவர்கள். கங்காணி தன் சொந்த ஊருக்கே போய், தெரிந்த குடும்பங்களில் ஆள் சேர்த்து, நாகப்பட்டினத்தில் கப்பலேற்றுவார். பினாங்கில் இறங்கியதும் பூலாவ் ஜெரஜாக் தீவில் தொற்றுநோய்க் காவல். பிறகுதான் தோட்டத்து லயம் என்ற வரிசை வீடு. 1938இல் இந்திய அரசு இந்தக் கூலி அனுப்புதலைத் தடை செய்தது. அடுத்து ஜப்பான்காரன் காலம் வந்தது. ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்களில் திரும்பாதவர்கள் ஏராளம். மிஞ்சியவர்கள் மறுபடி ரப்பர் மரப்பட்டையைச் சீவும் உளியைக் கையில் எடுத்தார்கள்.

அந்த உளி வேலையைத்தான் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். இருட்டிலேயே பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. பெயர் கொடுத்துவிட்டு அவரவருக்கு ஒதுக்கிய மர வரிசையான நிரைக்குப் போவார்கள். ஓர் ஆளுக்கு ஒரு நாளில் 300 முதல் 500 மரம். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவதே வழக்கம். இன்று இந்தப் பகுதி, நாளை அடுத்தது. மரத்துக்கு ஓய்வு கிடைத்தது, ஆளுக்குக் கிடைக்கவில்லை.

மரத்தடியில் முதல் வேலை, முந்தைய வெட்டில் உறைந்து நாடாபோல ஒட்டியிருக்கும் கோட்டுப்பாலை உரிப்பது. நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு. பால் வடியும் கிண்ணமான மங்கில் தங்கிய கட்டிப்பாலையும் எடுத்து, உள்ளே துடைத்துவிட்டுத்தான் உளி வைப்பார்கள். மங்கு அழுக்காக இருந்தால் புதுப்பால் சேகரிக்கும் முன்பே திரைந்துவிடும். வெட்டுக் கோடு மரத்தின் பாதிச் சுற்றளவுக்கு, இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் இறங்கும். இதற்குக் காரணம் இருக்கிறது. பட்டைக்குள் பால்குழாய்கள் செங்குத்தாக ஏறுவதில்லை. வலப்பக்கம் சற்றே சாய்ந்து ஏறுகின்றன. இடது உயர்ந்த கோடு அவற்றைக் குறுக்கே அறுப்பதால் அதிகக் குழாய்கள் திறக்கும்.

ஒவ்வொரு முறையும் சீவுவது ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் கனப் பட்டை. கஷ்டம் ஆழத்தில் இருக்கிறது. பால்குழாய்கள் மரத்தை ஒட்டிய உள்பட்டையில்தான் நெருக்கமாக ஓடும். மேலோட்டமாக வெட்டினால் பால் குறையும். ஒரு மயிரிழை கூடினால் உளி மரத்தையே தொட்டுவிடும். அந்தக் காயம் முண்டும் முடிச்சுமாக ஆறும். வருடங்கள் கழித்துப் புதுப்பட்டையில் மறுவெட்டுக்கு வரும்போது அங்கே உளி ஓடாது. தலைவிளக்கின் சிறு வட்டத்துக்குள், நடையும் சேர்த்து மரத்துக்கு அரை நிமிடம்போல, நூற்றுக்கணக்கான மரங்களில் காயம் படாமல் இதைச் செய்வது பெரிய கைத்திறன். இதைப் படிப்பில்லாத கூலி வேலை என்று எழுதிவைத்தவர்கள் உளி பிடித்துப் பார்த்தவர்களாக இருக்க முடியாது.

இருட்டில் ஏன் வெட்ட வேண்டும்? வெயில் ஏறினால் இலைகள் நீரை வெளியே விடும், குழாய்க்குள் அழுத்தம் இறங்கும், பால் ஓட்டம் தளரும். இரண்டு மூன்று மணி நேரம் பால் சொட்டிய பிறகு மறுபடி அதே நிரையைச் சுற்றி மங்கு மங்காக வாளியில் ஊற்ற வேண்டும். காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளி தொங்க, தோள் காய்த்துப்போகும். பால் ஸ்டோரில் எடை போட்டு, மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியை விட்டு ரப்பர் அளவைப் பார்ப்பார் தோட்டத்து எழுத்தரான கிராணி. 100 கிலோ பாலில் காய்ந்த ரப்பர் 30, 35 கிலோதான், கணக்கு அதன்படியே. மழை வந்தால் எல்லாம் கெட்டது. பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டில் ஓடாமல் மரமெங்கும் பரவி வழியும். ஈரத்தில் வெட்டிய இடத்தில் பூஞ்சை பிடிக்கும். அதனால் வேலை நிற்கும், அன்றைய வருமானமும் போகும். இலையுதிர் காலத்திலும் பால் குறைந்து சம்பளம் சுருங்கும்.

இப்படிப்பட்ட வருமானத்திலிருந்துதான் பொதுக் காரியங்களுக்குப் பணம் வந்தது. மாரியம்மன் கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளிக்கு ஒரு கூரை, சங்கச் சந்தா எல்லாம் இதில் அடங்கும். மரண சகாய நிதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். லயத்தில் ஒரு சாவு என்றால் பெட்டி, குழி, வாகனம், வந்தவர்களுக்குச் சாப்பாடு என எல்லாம் ஒரே நாளில் வேண்டும். சம்பளம் வர நாள் இருக்கும். வீட்டுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே வசூலித்து வைத்த பணம் அப்போது கை கொடுத்தது. நோட்டுப் புத்தகத்தோடு வீடுவீடாகப் போய் அதை வசூலித்தவரும், தராதவர் வீட்டுச் சாவுக்கும் போய் நின்றவரும் நம் தாத்தாக்களில் ஒருவர்.

1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். வேலையோடு கட்டியது வீடு. வேலை போனால் லயத்தையும் காலி செய்ய வேண்டும். பலர் பிறந்ததே அந்த லயத்தில்தான். இதற்கு மாற்றாக துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் 10 வெள்ளி (அன்றைய மலாயா டாலர்) வீதம் கட்டி 100 வெள்ளிப் பங்கு வாங்குங்கள், தோட்டத்தை நாமே வாங்கலாம் என்று தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் கைக்கு வந்தது. ஒரு நாள் கூலி சில வெள்ளியாக இருந்த காலத்தில் 10 வெள்ளி என்பது அரிசியிலும் பிள்ளைகளின் துணியிலும் பிடித்த பணம். தங்கள் தோட்டம் விற்பனைக்கு வராதபோதும், வேறு தோட்டத்துக்காரர்களின் வீடு நிற்பதற்காகவும் கட்டினார்கள்.

அந்தப் பங்குப் புத்தகம் இன்னும் சில வீடுகளில் தகரப் பெட்டிக்குள் இருக்கும். தாத்தாவின் பதிவுகளைத் தேடும்போது பெயரை மட்டும் நம்பாதீர்கள். தோட்டத்துக் கிராணி காதில் விழுந்தபடி எழுதிய பெயர் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் ஒரு மாதிரியும், அடையாள அட்டையில் வேறு மாதிரியும், இறப்புச் சான்றிதழில் இன்னொரு மாதிரியும் இருக்கும். தகப்பனார் பெயர் சில இடங்களில் விட்டுப்போயிருக்கும். இப்போதுள்ள 12 இலக்க எண் அன்று கிடையாது. பழைய அட்டை எண்தான் ஆளை அடையாளம் காட்டும். அந்த எண், பாட்டியின் திருமணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் மூன்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். உளி கிடைத்தால் எண்ணெய் தடவித் துணியில் சுற்றுங்கள். நம் ஊர் ஈரக் காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடித்துவிடும்.