பார்க்கக் கிடைக்காத குகை: தகாச்சிஹோவில் மூன்று நாள்

நவம்பர் 15, வெள்ளி, இரவு

ஜப்பானின் குமமோட்டோ நகரிலிருந்து மூன்று மணி நேரப் பேருந்து. ஆசோ எரிமலையை ஒட்டி வந்து தகாச்சிஹோவில் இறங்கும்போது இருட்டிவிட்டது. மியாசாகி மாவட்டத்தின் வடபகுதியில், மலைகளுக்கு நடுவில் ஒரு சின்ன ஊர். முன்பு ரயில் வந்துகொண்டிருந்தது. 2005 புயலில் பாலங்கள் அடித்துப்போனதோடு சரி.

நாளை அமானோ இவாத்தோ. சூரிய தேவி அமாதெரசு கோபித்துக்கொண்டு ஒளிந்த குகை. 712-இல் தொகுக்கப்பட்ட 'கொஜிகி' என்ற ஜப்பானியப் புராண நூலில் கதை இருக்கிறது. தம்பி சுசானோ அக்காவின் வயல் வரப்பை உடைத்தான், வாய்க்காலைத் தூர்த்தான், கடைசியில் தெய்வங்களுக்குத் துணி நெய்யும் கூடத்தின் கூரையைப் பிய்த்து, தோலுரித்த குதிரையை உள்ளே போட்டான். நெய்துகொண்டிருந்த பெண் ஒருத்தி செத்துப்போனாள். அக்கா குகைக்குள் போய்ப் பாறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். உலகமே இருட்டு.

எனக்கு இதில் பிடித்தது அந்த வரப்பும் வாய்க்காலும்தான். வானுலகத்திலும் நெல் விளைகிறது, அங்கேயும் வரப்புத் தகராறு!

நவம்பர் 16, சனி

காலைப் பேருந்தை விட்டுவிட்டேன். சனிக்கிழமையில் வார நாள் அட்டவணையைப் பார்த்துக்கொண்டு நின்றால் பேருந்தா வரும்? டாக்சியில் போனேன்.

அமானோ இவாத்தோ கோயிலின் மேற்குச் சன்னிதியில் தொழும் மண்டபம் இருக்கிறது, பின்னால் கருவறை இல்லை. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் குகையேதான் மூலவர். பூசாரி எங்களுக்குத் தூய்மைச் சடங்கு செய்துவிட்டு மண்டபத்தின் பின்பக்கம் கூட்டிப்போனார். படம் எடுக்கக் கூடாது, குகைக்கு யாரும் போகவும் கூடாது. பள்ளத்தாக்கைத் தாண்டிக் கையை நீட்டி, அதோ அங்கே என்றார். பார்த்தேன். மரம், செடி, கொடி. கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் மரம். பக்கத்தில் ஒரு பெரியவர் எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, எதுவோ தெரிந்துவிட்டது போலக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். இவ்வளவு தூரம் வந்தது இதற்கா என்று ஒரு கணம் தோன்றியது, ஒளித்து வைக்க மாட்டேன்.

வளாகத்தில் ஒகாதாமா மரம் ஒன்று நிற்கிறது. குகை வாசலில் ஆடிய உசுமே என்ற தேவி கையில் பிடித்திருந்தது இதன் கிளையைத்தான் என்கிறார்கள். நம் செண்பகத்துக்கு நெருங்கிய உறவு. பூக்கும் காலம் இல்லை. இலையை மட்டும் தடவிப் பார்த்தேன்.

அங்கிருந்து ஆற்றோரமாகப் பத்து நிமிடம் நடந்தால் அமானோ யாசுகவாரா. இங்கே தாராளமாக உள்ளே போகலாம். சுமார் 40 மீட்டர் அகலம், 30 மீட்டர் ஆழம், வாயைப் பிளந்த மாதிரி ஒரு குகை. உள்ளே சின்னக் கோயில், முன்னால் தோரி என்ற கோயில் நுழைவளைவு. சுற்றிலும் ஆற்றுக் கற்கள், வேண்டுதலுக்காக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை. கால் வைக்க இடம் தேட வேண்டியிருக்கிறது. தண்ணீர்ச் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை. வந்தவர்கள் எல்லோரும் தானாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

அமாதெரசுவை வெளியே வரவைக்க எண்பது லட்சம் தெய்வங்கள் கூடி யோசித்தது இங்கேதானாம். (எண்பது லட்சம் என்றால் கணக்கற்ற என்று அர்த்தம், இல்லாவிட்டால் இடம் போதாது.) யோசனை சொன்னவர் ஒமோய்கானே என்ற அறிவுத் தெய்வம். சேவல்களைக் கூவவிட்டார்கள். மரத்தில் கண்ணாடியும் மணிமாலையும் தொங்கவிட்டார்கள். கவிழ்த்த தொட்டியின் மேல் ஏறி உசுமே ஆடை நழுவ ஆட, தெய்வங்கள் விழுந்து விழுந்து சிரித்தன. நான் இல்லாமல் இவர்களுக்கு என்ன சிரிப்பு என்று அமாதெரசு கதவை இம்மி திறந்தாள். உங்களைவிட உயர்ந்தவர் வந்திருக்கிறார் என்று கண்ணாடியைக் காட்டினார்கள். தன் முகத்தையே பார்த்து அவள் இன்னும் கொஞ்சம் வெளியே வர, ஒளிந்திருந்த தாஜிகராவோ என்ற பலசாலித் தெய்வம் அவள் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். திரும்பி உள்ளே போகாமலிருக்கப் பின்னால் ஒரு கயிறும் கட்டியாயிற்று.

அதே நாள், இரவு பத்து மணி

தகாச்சிஹோ கோயிலில் தினமும் இரவு எட்டு மணிக்கு ககுரா, அதாவது தெய்வக் கதைகளை முகமூடி போட்டு ஆடும் ஆட்டம். கிராமங்களில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை விடிய விடிய 33 ஆட்டம் ஆடுவார்கள். இங்கே ஒரு மணி நேரத்தில் நான்கு. தாஜிகராவோ முகமூடியைச் சாய்த்து, அவள் எங்கே ஒளிந்திருக்கிறாள் என்று காது கொடுத்துக் கேட்ட இடத்தில் எனக்கே மூச்சு நின்றது. காலையில் நான் கண்ணைச் சுருக்கிப் பார்த்ததும் இதே வேலைதான். கடைசி ஆட்டத்தில் இசானாகி, இசானாமி என்ற ஆதித் தெய்வத் தம்பதி மது காய்ச்சிக் குடித்துவிட்டுக் கட்டிப்பிடித்து உருள்கிறார்கள். அப்புறம் பார்ப்பவர்கள் பக்கமும் வந்துவிட்டார்கள்! முன்வரிசைப் பாட்டி ஒருவர் சிரித்த சிரிப்பில் மண்டபமே குலுங்கியது.

நவம்பர் 17, ஞாயிறு

திரும்பும் பேருந்து. அமாதெரசு ஒளிந்த குகை எங்கள் ஊரில்தான் என்று சொல்லும் இடங்கள் வேறும் உண்டு. இசேவுக்குப் பக்கத்தில் ஒன்று, ஒகினாவாவின் இஹேயா தீவில் ஒன்று. தாஜிகராவோ தூக்கி எறிந்த கதவு நாகானோவின் தோகாகுஷி மலையில் போய் விழுந்ததாம். அங்கேயும் ஒருமுறை போக வேண்டும்.

போனில் படங்களைத் தள்ளிப் பார்த்தேன். கற்குவியல் நாற்பது, ஒகாதாமா இலை மூன்று, பேருந்து அட்டவணை இரண்டு, இரண்டுமே வார நாளுக்கானவை.