வில்லியம் பெட்டியின் இரட்டை உடல் கப்பல்கள்

கேட்டமரான், அதாவது இரட்டை உடல் படகு, அதன் வரலாறு தேடுபவர்கள் வில்லியம் பெட்டியை ஒரே வரியில் கடந்துவிடுவது எனக்குப் பெரிய வருத்தம். மருத்துவம் படித்தவர், 1650களில் அயர்லாந்து நிலங்களை அளந்து வரைபடம் போட்டவர், லண்டன் ராயல் சொசைட்டியைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1662இல் டப்ளினில் இரண்டு ஒல்லியான உடல்களை (தண்ணீரில் மிதக்கும் கூடுகளை) மேலே ஒரு தளத்தால் இணைத்து ஒரு கப்பல் கட்டினார்.

அவர் கணக்கு எளிமையானது. அகலமான ஒற்றை உடல் தண்ணீரை நிறையத் தள்ள வேண்டும், ஒல்லியான உடல் சுலபமாகக் கிழித்துப் போகும், ஆனால் பாய் விரித்தால் கவிழும். இரண்டை இடைவெளி விட்டுச் சேர்த்தால் அடியில் கல் பாரம் ஏற்றாமலே நிற்கும், பாயும் அதிகம் தாங்கும்.

யோசனையோடு நிறுத்தாமல் கடலில் ஓட்டிக் காட்டினார் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. 1663இல் சுமார் 30 டன் எடையேற்றும் இரண்டாவது கப்பல், தபால் படகோடு பந்தயம் கட்டி டப்ளினிலிருந்து வேல்ஸின் ஹோலிஹெட் துறைமுகம் போய்த் திரும்பியது. அக்காலத்து ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி சாமுவேல் பீப்ஸின் நாட்குறிப்புப்படி இது மாலை 5 மணிக்கு வந்து சேர, தபால் படகு மறுநாள் காலை 8 மணிக்குத்தான் வந்தது! அப்படியும் மன்னர் இரண்டாம் சார்லஸ் பெட்டியின் படகைக் கேலி செய்ததை பீப்ஸ் எழுதியிருக்கிறார்.

அப்புறம் பெரிதாக ஒன்று, பெயரே 'எக்ஸ்பெரிமென்ட்'. 1665இல் பிஸ்கே விரிகுடாவில் புயலில் போய்விட்டது. அதே புயலில் 15 கப்பல்கள் வரை போயின என்று அதே காலத்தில் நாட்குறிப்பு எழுதிய ஜான் ஈவ்லின் நினைவுகூர்கிறார், அதனால் வடிவமைப்பு மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். பந்தயம் வேகத்தைக் காட்டும், அலை ஒவ்வொரு உடலையும் ஒவ்வொரு பக்கம் இழுக்கும்போது நடுவில் இருக்கும் இணைப்பு எவ்வளவு தாங்கும் என்று காட்டாது. அந்த விசையைக் கணக்கிட அன்று வழியே இல்லை. கப்பல் கவிழாமல் நிற்கும் நிலைத்தன்மைக்கே பிரெஞ்சு அறிஞர் பியர் பூகேர் முறையான கணிதம் எழுதியது 1746இல்தான். பெட்டி விடவில்லை, 1684இல் இன்னொன்று கட்டினார், அது வெள்ளோட்டத்திலேயே தோற்றது.

1876இல் அமெரிக்காவில் படகு வடிவமைப்பாளர் நத்தனியேல் ஹெரெஷாஃப் 'அமரில்லிஸ்' என்ற இரட்டை உடல் படகைக் கட்டியபோது, நடுவில் இருக்கும் அந்த இணைப்பை இறுக்கிப் பூட்டாமல், இரு உடலும் அலைக்கேற்பத் தனித்தனியாக ஏறி இறங்கும்படி குமிழ் மூட்டு (கிண்ணத்துக்குள் உருண்டை சுழல்வது போன்ற மூட்டு) வைத்தார். நியூயார்க் பந்தயத்தில் எல்லாப் படகுகளையும் பின்னுக்குத் தள்ளியது, மற்றவர்கள் ஆட்சேபிக்க, தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள்.