வரவு யார் பேரில்?

"பற்று என் பேருல எழுதிட்டீங்க, சரி. வரவு யாரு பேருல தம்பி?"

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் இருபது வருஷமாகக் கணக்கு எழுதுகிறவர் கேட்டது இது. சத்தம் போடவில்லை. திண்ணையில் உட்காரச் சொல்லி, சொம்பில் தண்ணீர் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து கேட்டார். அவர் வாங்கிய பழைய காருக்கு லோன் போட்ட கம்பெனியின் ஆள் நான். வண்டியை விற்றவர் பழைய வண்டிக் கடைக்காரர், கன்சல்டிங்காரர் என்போம். நான் சொன்ன பதில்: "அது உங்களுக்கும் கன்சல்டிங்காரருக்கும் உள்ள விஷயம்ங்ண்ணா."

ஆறு வருஷம் ஆகிவிட்டது. அந்தப் பதிலில் சட்டப்படி ஒரு பிசகும் இல்லை. அதனால்தானோ என்னவோ, இன்னும் மறக்கவில்லை.

கணக்கு இதுதான். பழைய ஸ்விஃப்ட், விலை 4,60,000. கையிலிருந்து அவர் கட்டியது 1,10,000. மீதி 3,50,000 எங்கள் லோன். 48 மாதம், மாதம் 9,920 டியூ. வண்டியின் முதல் ஓனருக்கு வேறொரு வங்கியில் இன்னும் 2,10,000 பாக்கி இருந்தது. கன்சல்டிங்காரர் அதை முடித்து, கடன் பாக்கி இல்லை என்ற கடிதம், அதாவது என்ஓசி வாங்கி, ஆர்.டி.ஓ. ஆபீசில் பழைய எச்.பி.யை (ஆர்சியில் கடன் கொடுத்தவர் பேரில் இருக்கிற பதிவு) எடுத்து, பேர் மாற்றி, எங்கள் எச்.பி.யை ஏற்றித் தரவேண்டும். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற சாதாரண வேலை.

அவர் முடிக்கவில்லை. முதல் ஓனருக்குச் சேரவேண்டியதைக் கொடுத்துவிட்டு, அந்த 2,10,000-ஐ வேறு வண்டியில் போட்டுவிட்டார். பழைய லோனுக்கு மாதாமாதம் டியூ மட்டும் கட்டிக்கொண்டிருந்தார். ரொட்டேஷன் என்பார்கள். ரொட்டேஷன் ஓடுகிறவரை யாருக்கும் எதுவும் தெரியாது. எங்கோ ஒரு வண்டி விற்காமல் நின்றிருக்கும். மூன்று டியூ தவறியது. எங்களுக்கு ஏழு டியூ ஒரு நாள்கூடத் தள்ளாமல் கட்டியிருந்த மனிதரின் வண்டியை, எட்டாவது மாதம் மண்டி வாசலிலேயே வைத்துப் பழைய வங்கியின் ஆட்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். போலீசுக்குத் தகவல் கொடுத்து, பேப்பரைக் காட்டி, மரியாதையாகத்தான் எடுத்தார்களாம். ஆர்சியில் அன்றைக்கும் முதல் ஓனர் பேர்தான், அந்த வங்கியின் எச்.பி.தான். அவர்கள் மேல் என்ன குற்றம் சொல்ல முடியும்?

மீட்டரைக் குறைத்து விற்கிறவனைக்கூட ஒரு வழியில் மன்னித்துவிடலாம் என்று தோன்றும். அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. 68,000 கிலோமீட்டர் காட்டுகிற வண்டியில் கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் சிரித்துக்கொண்டே விலையைக் குறைக்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் சென்னையில் மூழ்கிய வண்டிகள் கழுவித் துடைத்து இந்தப் பக்கம் வந்தபோது, சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்க்கக் கற்றுக்கொண்டோம். உள்ளே சுருண்டிருக்கிற பகுதியில் சேற்றுத் தண்ணீர் நின்ற கோடு இருக்கும். ஸ்டெப்னி வைக்கிற குழியில் மண் இருக்கும். வண்டி பொய் சொல்லாது. பேப்பர் சொல்லும், அதுவும் நம் கையெழுத்தை வைத்துக்கொண்டு.

பணம் யார் கணக்குக்குப் போனது என்று அவருக்குத் தெரியும். கன்சல்டிங்காரர் கணக்குக்குத்தான், முழு மூன்றரை லட்சமும். "கடன் தொகையை என் சார்பில் இன்னாரிடம் கொடுத்துவிடவும்" என்று அவரே கையெழுத்துப் போட்ட கடிதம் ஃபைலில் இருக்கிறது. நாற்பது இடத்தில் கையெழுத்து வாங்கினோம், அதில் அதுவும் ஒன்று. அந்தக் கடிதத்தில் பேரும் தொகையும் எழுதியது நான். எல்லா ஃபைலிலும் நான்தான் எழுதுவேன், அதில் கள்ளத்தனம் எதுவும் கிடையாது. ஆனால் மண்டிக் கணக்கில் ஒரு ரூபாய் உதைத்தாலும் ராத்திரி உட்கார்ந்து தேடுகிற மனிதர், அன்றைக்கு எதையும் படிக்காமல் போட்டார். எதிரில் கம்பெனி அடையாள அட்டையோடு நான் உட்கார்ந்திருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அன்றைக்குக் கன்சல்டிங் கடையில் அவர் ஒன்று கேட்டார். "பழைய லோன் முடிஞ்சிருங்களா?" கன்சல்டிங்காரர், "பத்தே நாளுங்க, என்ஓசி கைக்கு வந்துரும்" என்றார். அப்புறம் மண்டிக்காரர் என் பக்கம் திரும்பினார். இந்த இடத்தில்தான் எனக்குக் குழப்பம். தலையாட்டினேனா, போனைப் பார்த்துக்கொண்டிருந்தேனா? மாதக் கடைசி, பிராஞ்சிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. போனைப் பார்த்ததாகத்தான் நினைவு. திண்ணையில் அவர் சொன்னது வேறு: "நீங்க தலையாட்டுனீங்க தம்பி. அதனாலதான் போட்டேன்."

வண்டிப் பதிவு விவரம் காட்டுகிற அரசு இணையதளமான பரிவாஹனில் பார்த்திருந்தேன். பழைய வங்கியின் பேர் தெரிந்தது. தெரிந்தும் ஃபைல் போட்டேன். அப்போது எல்லோரும் அப்படித்தான் போட்டோம், கன்சல்டிங் சொன்ன பத்து நாளை நம்பி. அதே ஆளுடைய இரண்டு ஃபைல்களில் ஆர்சி 90 நாளைத் தாண்டிப் பென்டிங்கில் இருந்ததும் எனக்குத் தெரியும். மேனேஜரிடம் வாயால் சொன்னேன். மெயில் போடவில்லை. போட்டிருந்தால் அந்தக் கடையின் ஃபைல்களை நிறுத்தியிருப்பார்கள். மாதம் ஆறு ஃபைல், என் இன்சென்டிவில் பாதி.

வண்டி போன பிறகு அவர் டியூவை நிறுத்தினார். எங்கள் கம்பெனியில் முதல் வருஷம் டியூ தவறினால் ஃபைல் போட்டவனே வசூலுக்குப் போகவேண்டும். இல்லாத வண்டிக்கு டியூ கேட்டு நான் அந்தத் திண்ணைக்குப் போனது அப்படித்தான்.

கன்சல்டிங்காரரைப் பிடிக்க முயலவே இல்லை என்று சொல்ல முடியாது. கடை வாடகை இடம். நிற்கிற பத்து வண்டியும் ஊரார் விற்கச் சொல்லி நிறுத்தியவை. வீடு மனைவி பேரில். எங்களிடம் இருந்தது ஆர்சி மாற்றித் தருகிறேன் என்று அவர் எழுதிக்கொடுத்த ஒரு கடிதமும், தேதி போட்டு மூன்று மாதம் தாண்டி, செல்லாமல் போன ஒரு செக்கும். மண்டிக்காரரைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கும் போனேன். "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்றார்கள். கம்பெனியே புகார் கொடுக்கலாம்தான். கொடுத்தால், எச்.பி. ஏறாமலே பணத்தை ஏன் விட்டீர்கள் என்ற கேள்வி எங்கள் பக்கம் திரும்பும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோருக்கும் புரிந்திருந்தது.

மண்டிக்காரரிடமோ தேதி போடாத இரண்டு செக் வாங்கி வைத்திருந்தோம். செக் திரும்பிய தகவல் வந்து 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்து 15 நாள் அவகாசம், அதற்கு மேல் ஒரு மாதத்துக்குள் கேஸ். 138-வது பிரிவு. இரண்டு வருஷம்வரை சிறை, செக் தொகையில் இரண்டு மடங்குவரை அபராதம். அந்த மாதம் எந்தெந்த ஃபைலில் செக் போடலாம் என்று மேனேஜர் கேட்டபோது பட்டியல் எழுதியவன் நான். "அவர் எங்கயும் ஓடமாட்டார்ப்பா, வேலையில இருக்கார்" என்றார் மேனேஜர். ஓடுகிறவனை விட்டுவிட்டு ஓடாத ஆளாகப் பார்த்துத்தான் கேஸ் போடுகிறோம் என்று எனக்கு அப்போதே தோன்றியது. பட்டியலில் பேரை எழுதிவிட்டேன்.

எழுதாமல் விட்டிருந்தால் வேறு யாராவது எழுதியிருப்பார்கள். இது உண்மை. ஆனால் இன்னொன்றும் உண்மை. பழைய வங்கி ஏலத்துக்கு முன்னால் நோட்டீஸ் கொடுத்தது. முதல் ஓனரே அதை எடுத்துக்கொண்டு எங்கள் ஆபீசுக்கு வந்தார். விற்று முடித்த வண்டிக்கு அவருடைய சிபில் கெட்டுக்கொண்டிருந்தது, பாவம். அன்று ராத்திரி டைரியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கம்பெனி இன்னும் கொஞ்சம் பணம் போட்டு அந்த லோனை முடித்தால் வண்டி திரும்பும், எச்.பி. ஏறும், மண்டிக்காரர் டியூ கட்டுவார். கூடப் போட்டதைக் கன்சல்டிங்காரரிடம் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். மறுநாள் மேனேஜரிடம் சொன்னேன். "மறுபடியும் பணமா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அதையும் மெயிலாக எழுதவில்லை. எழுதியிருந்தாலும் மேலே ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். இதை எனக்கு நானே எத்தனை தடவை சொல்லிக்கொண்டேன் என்று கணக்கில்லை.

லோக் அதாலத்தில் 1,60,000-க்கு முடிந்தது, மாதம் பத்தாயிரமாக. பதினாறு மாதமும் கட்டினார். கட்டியதும் ஸ்கிரீன்ஷாட் அனுப்புவார், கூட ஒரு வார்த்தை இருக்காது. கன்சல்டிங்காரர் கொஞ்ச நாள் ஊரில் இல்லை. இப்போது மச்சினன் பேரில் போர்டு வைத்து அதே ரோட்டில் கடை போட்டிருக்கிறார். எதிரே வந்தால் வணக்கம் சொல்வார். நானும் சொல்வேன்.

அதற்கப்புறம் நான் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். பழைய லோன் பாக்கி இருந்தால் அந்தத் தொகையை நேரே பழைய வங்கியின் லோன் கணக்குக்கே அனுப்புவது, மிச்சம்தான் கன்சல்டிங்குக்கு. புதுப் பையன்களுக்கும் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன், மண்டிக்காரர் கதையோடு சேர்த்து.

போன மார்ச் 31 சாயங்காலம், இலக்குக்கு ஒரு ஃபைல் குறைந்தது. பழைய வங்கியில் பாக்கித் தொகை லெட்டர் வாங்க நேரமில்லை. இது வேறு கன்சல்டிங், நல்ல மனிதர், பத்து வருஷப் பழக்கம். முழுப் பணத்தையும் அவர் கணக்குக்கே விட்டேன். என்ஓசி ஒன்பதாம் நாள் வந்துவிட்டது, ஒரு சிக்கலும் இல்லை.

வண்டி வாங்கியவள் ஒரு நர்ஸ். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், பழைய லோன் முடிந்துவிடுமா என்று என்னைத்தான் கேட்டாள். தலையாட்டினேன். இந்தத் தடவை அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.