இருபது நிமிட நாடகம், ஒன்பது நாள் அனுமதி

நீலகிரியில் எங்கள் ஊர்ச் சந்தையில் பச்சைத் தேயிலை விலையைப் பற்றி ஒரு வீதி நாடகம் போட ஆறு பேர் கிளம்பினோம். நாடகம் இருபது நிமிடம். போலீஸ் அனுமதிக்கு ஒன்பது நாள்.

மனுவில் தேதி, இடம், எத்தனை பேர், மைக் உண்டா, யார் பொறுப்பு, அவ்வளவுதான். நகலில் சீல் வாங்க மறந்துவிடாதீர்கள். நான் மறந்தேன். மூன்று நாள் கழித்துப் போனால், "எந்த மனு தம்பி?" என்றார்கள். மறுபடி எழுதினேன்.

அப்புறம் ஸ்கிரிப்ட் கேட்டார்கள். எம்.ஆர்.ராதா காலத்தில் வந்த 1954 நாடகச் சட்டம் அப்படிக் கேட்க அதிகாரம் கொடுத்திருந்தது. எழுத்தாளர் ஞாநி வழக்குப் போட்டு, 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்றுவிட்டது. அந்தச் செய்தியைப் பிரதி எடுத்துப் போயிருந்தேன். ஸ்கிரிப்ட் கேட்ட போலீஸ்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, "சரி, கதையை வாயாலேயே சொல்லு" என்றார். சொன்னேன். சட்டம் பேசியிருந்தால் இன்னும் ஒன்பது நாள் ஆகியிருக்கும். பேசாமல் விட்டது சரியா என்று இன்னும் எனக்குள் உறுத்தல் உண்டு.

கதை இதுதான். ஒருவர் முப்பது கிலோ இலையோடு வருகிறார். மழை ஈரத்துக்கு எடையில் கழிவு, சாக்குக்குக் கழிவு, முற்றிய இலைக்குக் கழிவு. ஒவ்வொரு கழிவுக்கும் தராசுக்காரர் ஒரு பிடி இலையைத் தன் பையில் போட்டுக்கொள்கிறார். கடைசியில் விலை கேட்டால், "குன்னூர் தேயிலை ஏலம் முடியட்டும்" என்கிறார். கதை கேட்டவர் சிரிப்பை அடக்கியது போல இருந்தது. என் கற்பனையாகவும் இருக்கலாம்.

அனுமதி வந்தது. மைக் கூடாது, ரோட்டில் நிற்கக் கூடாது, எந்த அதிகாரி பெயரும் வரக் கூடாது. மைக் இல்லாததால் பறை அடித்துக் கூட்டம் சேர்த்தோம். பின்திரைக்கு நைலான் இலைச் சாக்குகளைப் பிரித்துத் தைத்து, அதில் ஒரு காலித் தராசு வரைந்திருந்தேன். நைலானில் பெயின்ட் லேசில் பிடிக்காது. மூன்று பூச்சு போட்டேன்.

நாடகம் முடிந்து ஆட்கள் கலைவதற்குள், சாக்கு கொடுத்த அக்கா வந்து நின்றார். நாளைக்கு இலை எடுக்கணுமாம். பெயின்ட் இன்னும் முழுசாகக் காயவில்லை என்றேன்.

"காயாட்டி அதுக்கும் கழிவு போடுவாங்க" என்று சொல்லிக்கொண்டே தையலைப் பிரிக்க ஆரம்பித்தார்.